நகருக்குப் போனவர்கள்

சென்ற மாதம், ஓய்வு பெற்ற என்னையும் அழைத்திருந்த வட்டாரக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சுகாதார ஆய்வாளராக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "காய்ச்சல் வந்த வீட்ல மொதல்ல என்ன சார் கேக்கணும்?" "பேரைக் கேளுங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது பாதிப் பதில்தான் என்று தோன்றியது. ஆளின் பேரோடு, அவர் போய்வந்த இடத்தின் பேரையும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அந்தப் பேரை நம்பாமல் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். மீதிப் பாதி இதுதான். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை எழுதுகிறேன்.

எதையும் காலக்கணக்கோடு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கஜா புயல் ஐப்பசி முடியும் சமயத்தில் அடித்தது. நான் சொல்வது அதற்கு அடுத்த வருஷம். மேட்டூரை ஆடி கடைசியில்தான் திறந்தார்கள். குறுவை போயிற்று. சம்பாவுக்கு நேரடியாக விதை தெளித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

குடவாசலுக்கு மேற்கே என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்றில் 'பொன்னி நகர்' என்று ஒரு மனைப்பிரிவு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது முப்போகம் விளைந்த நஞ்சை. சொந்தக்காரர் இறந்த பிறகு பிள்ளைகளில் ஒருவர் சிங்கப்பூரிலிருந்தும் ஒருவர் சென்னையிலிருந்தும் வந்து விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் லாரி லாரியாகக் கிராவல் மண் அடித்து, சுற்றியிருந்த வயலைவிட ஆளுயரத்துக்கு மேடாக்கினார்கள். நடுவில் ஓடி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய கன்னி வாய்க்கால் அந்த மண்ணுக்கடியில் போயிற்று. ரோட்டோரம் வளைவு கட்டி, கல் நட்டு, கலர் கொடி கட்டி, வேனில் ஆட்களை அழைத்துவந்து பிரியாணி போட்டார்கள். கொஞ்சம் மனை விற்றது. அதற்குள் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று தடை வந்தது. பிரியாணி நின்றது. வாங்கியவர்களும் வீடு கட்டவில்லை.

முதல் மழைக்குக் கோரை வந்தது. பிறகு சீமைக் கருவை வந்தது, காட்டாமணக்கு வந்தது, என்னவென்றே பெயர் தெரியாத கொடியெல்லாம் வந்து மனைக்கற்களை மூடின. ஆனால் பக்கத்து மேலத்தெருக்காரர்கள் யாரும் அதைக் காடு என்றோ தரிசு என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. வளைவில் எழுதியிருந்த பேர்தான் நிலைத்தது. "ஆடு நகர்ல மேயுது", "வெறகு நகர்ல கெடக்கு", "கொல்லைக்கு நகர் பக்கம் போயிருக்கா." இதில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை. எனக்கும் பழகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் பிற்பாடு உட்கார்ந்து படித்து யோசித்துப் புரிந்துகொண்டது இது. வயலாக இருந்தபோது அந்த நிலத்தில் எலி இல்லாமல் இல்லை. ஆனால் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் நின்றது. வரப்பைச் செதுக்கி அண்டை கட்டினார்கள். நிலத்துக்காரர் ஆள் வைத்து மூங்கில் கிட்டி நட்டு எலி பிடித்தார். மனைக்கு யார் கிட்டி நடுவார்கள்? அது மட்டுமில்லை. ஐப்பசி மழையில் சுற்றுவட்டாரம் முழுவதும் தண்ணீரில் நிற்கும்போது நனையாத மேடு அது ஒன்றுதான். அத்தனை வயலின் எலியும் அங்கேதான் ஏறும். எலியோடு அதன் காதுமடலில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியும் ஏறும். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் சிப்பாய்களைக் காய்ச்சலில் தள்ளிய அதே பூச்சிதான். அது கொண்டுவரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பற்றி நான் ஏற்கனவே படித்திருந்தேன். காடு என்று படித்திருந்ததால் அது நம் ஊர் விஷயமில்லை என்று புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். இங்கே ஏது காடு?

அந்த ஐப்பசியில் எங்கும் டெங்கு பயம். காலையில் எழுந்தால் தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது, டயரை எடுத்துப்போடச் சொல்வது, இளநீர் ஓட்டைப் பொறுக்குவது, மருந்து ஊற்றுவது, போட்டோ எடுத்து அனுப்புவது. தெருவில் எனக்கு 'கொசு சார்' என்றே பேர். புதர் இருந்தால் கொசு இருக்கும், ஊரை ஒட்டிய புதர்களை வெட்டச் சொல்லுங்கள் என்று மேலிருந்து சொல்லி வந்தது. ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போய்ப் பதவி போயிருந்தாலும் ஊரில் எல்லாம் பழைய தலைவர்தான். நல்ல மனிதர், பேச்சுக்காரர். நூறு நாள் வேலைப் பெண்களை வைத்து நகரை வெட்டிவிடலாம் என்றார். "சார், ஒரே கல்லுல ரெண்டு வேலை. ஊரும் சுத்தமாவும், பொம்பளைங்களுக்கும் வேலை குடுத்த மாதிரி இருக்கும்." குறுவை போன வருஷம். நடவு வேலை இல்லை. பெண்கள் சந்தோஷமாக வந்தார்கள்.

வேலை நடந்த ஒரு நாள் போட்டோ எடுக்க நானும் போயிருந்தேன். புடவைக்கு மேல் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அரிவாளோடு வரிசையாக உள்ளே இறங்கியிருந்தார்கள். அந்த வரிசையில் கலா என்று ஒரு பெண். மேலத்தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றாள்.

"வாங்க கொசு சார். இந்த நகர்ல கொசுவுக்கெல்லாம் எத்தன மனை எழுதி வச்சிருக்கீங்க?"

"உனக்கு ஒண்ணு வேணுமா?"

"குடுத்தா வாணாம்பனா? மூலை மனையா பாத்துக் குடுங்க. கெழக்க பாத்தாப்ல. வாஸ்து முக்கியம்."

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த தையல்நாயகி அவளை முழங்கையால் இடித்தாள். "சும்மா இருடி. படம் எடுக்குறாரு, பல்லக் காட்டாத." தையல்நாயகி கலாவின் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வாசலில் இரண்டு குடும்பம். ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி அடக்குவாள். மதியம் அவர்கள் வெட்டிப்போட்ட தழைமேலேயே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டார்கள். சிலர் முந்தானையை விரித்துச் சற்றுப் படுத்தார்கள். அந்தப் படமும் அழகாக வந்திருந்தது.

கார்த்திகை பிறந்ததும் மேலத்தெருவில் காய்ச்சல் ஆரம்பித்தது. ஒரு வீட்டில் தலைவலி, இன்னொரு வீட்டில் இருமல், கண் சிவப்பு. இரத்தம் எடுத்துப் பார்த்தால் பிளேட்லெட் குறைந்திருந்தது. டெங்கு என்றே எல்லோரும் நினைத்தோம். பரிசோதனையில் இல்லை என்று வந்தவர்களையும், "இப்ப இல்லைன்னா ரெண்டு நாள் கழிச்சு வரும்" என்று சொல்லிக்கொண்டோம். விசாரணைக்குப் போகும்போது நாம் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். வீட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, வெளியூர் போனீர்களா, வயல் வேலைக்குப் போனீர்களா. எல்லோரும் கடைசிக் கேள்விக்கு இல்லை என்றார்கள். அது உண்மை. அந்த வருஷம் வயலில் என்ன வேலை இருந்தது?

கலாவுக்கும் காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்று கிடந்த சமயம். அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். கூடப் போயிருந்த கலாவின் புருஷன் பிறகு என்னிடம் அப்படியே சொன்னார். "எங்கம்மா போனீங்க, காட்டுக்குப் போனீங்களா, வயலுக்குப் போனீங்களான்னு டாக்டர் நல்லாத்தான் கேட்டாரு சார். இவ நகருக்குத்தான் போனேன்னா. சரின்னு எழுதிக்கிட்டாரு." நகர் என்றால் வீடு, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி. வேறூரிலிருந்து வந்த ஒரு மருத்துவர் அதைக் கேட்டு வேறென்ன நினைப்பார்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டது சரியான கேள்வி. அவள் சொன்னதும் பொய்யில்லை.

கலா மூன்றாம் நாள் இறந்துவிட்டாள்.

சாவு விசாரணைக்கு நான் அந்த வாசலுக்குப் போனபோது, காரியம் முடியவில்லை. உங்களுக்கும் இந்த நாள் வரும், அதனால் சொல்கிறேன்: கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு நேரே தொட்டியைப் பார்க்கப் போகாதீர்கள். நான் அன்றைக்கு அப்படித்தான் போனேன். வேலை அப்படிப் பழக்கியிருந்தது. கொல்லைப் பக்கம் உட்கார்ந்திருந்த தையல்நாயகி என்னைப் பார்த்தாள். முகம் வாடி, போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"எட்டிப் பாத்தது போதும் சார். அவ என்னைக்கு வீட்ல இருந்தா, வீட்டுக் கொசு கடிக்க? விடிஞ்சா நகரு, அடைஞ்சா வீடுன்னு கெடந்தா."

"எந்த நகரும்மா?"

"எந்த நகரா?" அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நம்ம ஊர்ல எத்தன நகர் இருக்கு? நீங்கதான வெட்டச் சொன்னீங்க."

எனக்குத் தெரிந்த இடம். நான் நின்று படம் எடுத்த இடம். ஆனாலும் அதுவரை காய்ச்சலும் அந்த இடமும் என் தலைக்குள் வேறு வேறு அலமாரியில் இருந்தன. டார்ச்சை அணைத்தேன். "உனக்கு எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்று கேட்டேன். சாவு வீட்டு அலுப்பு என்றாள். தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் புருஷன் செல்வம் நெற்றியில் கை வைத்து, உடனே எடுத்துவிட்டார். அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவரச் சொன்னேன்.

நான் அங்கிருந்து நேரே நகருக்குப் போனேன். பாதி வெட்டியிருந்தார்கள். வெட்டிய தழை காய்ந்து கிடந்தது. அதற்கடியில் எங்கு பார்த்தாலும் வளை. சுற்றிலும் வயல் வெள்ளக்காடாக இருக்க, இந்த மேடு மட்டும் காய்ந்து நின்றது. தழை சலசலத்தது. பட்டப்பகலில் எலி ஓடிற்று. நான் உட்காராமல் திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது இருந்த டாக்டரம்மா சேலத்துப் பக்கத்துக்காரர். இளவயது, கண்டிப்பானவர். நான் சொன்னதைக் கேட்டதும், "ஸ்க்ரப் டைபஸா? இந்த நெல்லு வயல்லயா?" என்றார்.

"வயல் இல்ல டாக்டர். நகர்."

"நகர்னா அப்புறம் எப்படி வரும்?"

"நகர்னா வீடு இல்ல டாக்டர். வளைவு இருக்கு, ரோடு இருக்கு, உள்ள பூராவும் கருவைக்காடு."

அவர் பேனாவை மூடிவைத்தார். அதற்குள் செல்வம், பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, தையல்நாயகியைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவளால் நிற்க முடியவில்லை. மூச்சு மேலும் கீழுமாக இருந்தது. கலாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று செல்வம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அந்தப் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது. அரிக்காது. சட்டை உராயும் இடத்திலும் மடிப்பிலும் மறைந்திருக்கும். தேடினால்தான் தெரியும். நம் ஊரில் ஒரு பெண்ணிடம் இதைத் தேடுவது எப்படி என்பது எந்தப் பயிற்சியிலும் வராது. டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டு நர்ஸை அழைத்தார். செல்வத்தையும் என்னையும் வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே பேசுவது கேட்டது.

"கொசுக் கடிக்குப் பாவாடைய அவுக்கச் சொல்றீங்களே, இது என்னா நாயம்?"

"கொசு இல்லக்கா, வேற பூச்சி. ஒடம்புல எங்கயாவது புண்ணு இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"கருப்பா, காஞ்சு போன மாதிரி?"

"இல்லன்னு சொல்றன்ல."

புடவை சரசரத்தது. பிறகு நர்ஸின் குரல். "இது என்னாக்கா?"

"அதுவா? நாடாப்புண்ணு."

பெண்கள் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் கன்றிப்போகும். வியர்வையில் புண்ணாகும். காய்ந்து கருத்துப்போகும். அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. யாரும் அதைப் புண் என்று கணக்கில் சேர்ப்பதும் இல்லை. அதனால்தான் அவள் இல்லை என்றாள். பூச்சியும் அங்கேதான் போய்க் கடித்திருந்தது. மேலே ஏறி வரும்போது நாடா தடுக்கும். அதற்குமேல் போக முடியாமல் அங்கேயே கடிக்கும்.

டாக்டரம்மா வெளியே வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "இருக்கு. தொடையிடுக்குல நெறியும் கட்டியிருக்கு. ஆனா ஒறுதி பண்ண இங்க டெஸ்ட் இல்ல. அனுப்பிடலாம், அங்க பாக்கட்டும்." சட்டப்படி அதுதான் சரி. மூச்சு வாங்கும் நோயாளியை நம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. 108-க்குச் சொல்லியாயிற்று. ஆனால் வண்டி குடவாசலில் வேறு ஒரு கேஸில் இருந்தது. அங்கே போய், வரிசையில் காத்து, வார்டில் சேர்ந்து, டெஸ்ட் எடுத்து, முடிவு வந்து, அதற்குப் பிறகு மருந்து. கலாவுக்குக் கிடைக்காத நேரம் இவளுக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்?

"மருந்து நம்மகிட்ட இருக்குல்ல டாக்டர்?"

"டாக்ஸிசைக்ளின் இருக்கு. எலிக்காய்ச்சலுக்குன்னு வந்தது. ஆனா இது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா இவங்களுக்கு என்னாகும்?"

"என்னாகும், வயித்தெரிச்சல் வரும்."

"சரியா இருந்து, நாம குடுக்காம அனுப்பினா?"

அவர் திரும்பினார். உள்ளே போய், தானே தண்ணீர் ஊற்றி மாத்திரையைக் கொடுத்தார். பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் நகர் என்ற சொல்லை ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. "முள்ளுக்காட்ட வெட்டின கூலிக்கார அம்மா, இடுப்புல பொருக்கு இருக்கு, டாக்ஸி மொத டோஸ் குடுத்துட்டேன்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வேறு கேள்வி வரவில்லை. மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். இவ்வளவு காலப் பணியில் அவ்வளவு சுத்தமான விசாரணை அறிக்கை ஒன்றை நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் முழுக்க எந்தச் செய்தியும் இல்லை. செல்வத்தின் போன் அணைந்திருந்தது. டாக்டரம்மா வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டே நடுநடுவில் என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். அதற்கு மறுநாள் காலையில் செல்வம் பேசினார். "கஞ்சி கேக்குறா சார். உப்பு பத்தலைன்னு நர்ஸ்ட்ட சண்ட போடுறா." டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே நர்ஸை அழைத்துக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனோம். வயலுக்குப் போனீர்களா என்று இம்முறை நாங்கள் கேட்கவில்லை. "நாடாப்புண்ணு யாருக்கெல்லாம் இருக்கு?" என்று நர்ஸ் கேட்டார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். காய்ச்சலில் கிடந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது. எல்லோருமே நகரை வெட்டப் போனவர்கள். அதே மாத்திரையைக் கொடுத்தோம். எல்லோரும் பிழைத்தார்கள்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இதை உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. நல்லபடியாக முடிந்த கதையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மீதிப் பாதி நகர் இன்னும் வெட்டாமல் இருந்தது. தலைவரிடம் போய், வேலையை நிறுத்துங்கள் என்றேன்.

"நிறுத்திடலாம் சார். அதுக்கு நீங்க போய் மேலத்தெருவுல சொல்லுங்க, வேலை இல்லன்னு. நான் சொன்னா அடுத்த எலக்‌ஷன்ல நிக்க முடியாது."

"உயிர் போயிருக்கு தலைவரே."

"எனக்குத் தெரியாதா? கலா எனக்கு மொறைக்குத் தங்கச்சி. ஆனா வெட்டாம விட்டா எலி தெருவுக்கு வரும், வெட்டினா பூச்சி ஒடம்புக்கு வரும். எதப் பண்ணச் சொல்றீங்க?"

நான் பதில் வைத்திருந்தேன். முதலில் எலியையும் பூச்சியையும் ஒழித்துவிட்டு, கோடையில் தரை காய்ந்த பிறகு மெஷின் வைத்து வெட்ட வேண்டும். வாய்க்காலைத் தோண்டிவிட வேண்டும். மனை வாங்கியவர்கள் தங்கள் மனையைத் தாங்களே சுத்தமாக வைத்திருக்க வேண்டும். எல்லாம் சரியான பதில்கள். மனை வாங்கியவர்கள் துபாயிலும் திருப்பூரிலும் இருந்தார்கள். விற்றவர்களின் போன் நம்பர் மாறியிருந்தது. நிலம் விவசாயத் துறைக்கு விவசாய நிலமில்லை. மனை என்று ஒத்துக்கொள்ளவும் ஆளில்லை. கால்நடைத் துறைக்கு ஆடு மட்டும்தான் சொந்தம், எலி இல்லை. நான் மேலே எழுதிப் போட்டேன். சில நாள் கழித்து நகருக்கு வண்டி வந்தது. புகை அடித்துவிட்டுப் போனார்கள். கொசுவுக்கு.

வேலை ஒரு வாரம் நின்றது. அந்த ஒரு வாரம் நான் மேலத்தெருவில் நடந்தால் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. பிறகு திரும்பவும் வெட்டப் போனார்கள். தழைமேல் உட்காராதீர்கள், துணியைப் புதர்மேல் போடாதீர்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துத் துணியை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதையும் சொன்னேன்.

அடுத்த வருஷம் கொரோனா வந்தது. காய்ச்சல் என்றால் அது ஒன்றுதான் என்று ஆனது. டாக்டரம்மா மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த ஒரு கார்த்திகையில் அந்த வழியாகப் பஸ்ஸுக்கு நடந்து வந்தேன். வளைவில் எழுத்துப் பாதி உதிர்ந்திருந்தது. கருவை மறுபடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. சுற்றிலும் வயலில் தண்ணீர். பெண்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "கொசு சார்" என்று ஒரு குரல் கேட்டது. தையல்நாயகி. ரோட்டோரம் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தழைமேல் யாரும் உட்காரவில்லை என்பதைக் கவனித்தேன். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"மறுபடியும் இதே வேலையா?" என்றேன்.

"வேற என்னா சார் வேலை இருக்கு? நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். இதுக்குத்தான் இன்னும் மெஷின் வரல." கையைக் கழுவிக்கொண்டாள். "சாயங்காலம் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மோட்டார் கொட்டாய்ல எல்லாரும் ஒருத்திய ஒருத்தி பாத்துக்குறோம் சார். இடுப்பு, கக்கம் எல்லாம். அந்த நர்ஸு சொன்ன மாதிரி. புள்ளைவோ சிரிக்குதுவோ. சிரிச்சா சிரிக்கட்டும்."

நல்லது என்றேன். அவள் தூக்குவாளியை மூடவில்லை. எதையோ சொல்ல நினைத்துக் குனிந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். கலாவுக்கும் இது இருந்திருக்குமா?"

"தெரியலம்மா. யாரும் பாக்கல."

"நான் பாத்தேன்."

தூக்குவாளியின் மூடியைக் கையில் எடுத்தாள்.

"குளிப்பாட்டுறப்ப பாத்தேன் சார். இடுப்புல, இந்தப் பக்கம். நாடாப்புண்ணுன்னு நெனச்சேன். ஒடம்பு பூராவும் மஞ்சப் பூசிக்கிட்டு வந்து, அந்த எடத்துல மட்டும் கை நின்னு போச்சு. எரியுமேன்னு. அப்பறந்தான், செத்தவளுக்கு என்னாத்த எரியப்போவுதுன்னு அதுமேலயும் பூசினேன்."

உயிரோடு இருந்தபோது பார்த்திருந்தால்தான் பயன், நீ பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அந்த வாசலுக்கு டார்ச்சோடு போன நான், கலாவைக் குளிப்பாட்டியவர்கள் யார், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தால், அங்கேயே தெரிந்திருக்கும்; மேலத்தெருவில் கிடந்தவர்களை இரண்டு நாள் முன்னதாகவே பார்த்திருப்போம். நம் கேள்வித்தாளில் அந்தக் கேள்வி அப்போது இல்லை. இப்போதும் இல்லை. நீங்கள் கேளுங்கள். மெதுவாக, உட்கார்ந்து, ஒரு பெண் ஊழியரைக் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடத்தின் பேர் எவ்வளவு அழகாக இருந்தாலும், எழுந்து போய் அதைப் பாருங்கள்.

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஏ தையலு, எங்க உக்காந்துட்ட?"

"தோ வந்துட்டன்டி" என்று எழுந்தாள். புருஷன் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பாவாடை நாடாவை ஒருமுறை தளர்த்திக் கட்டிக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு வளைவைத் தாண்டி நகருக்குள் போனாள்.